மீன் வேண்டாத நாள்

தெய்வமணியைப் போன வாரம் கண்ணகை அம்மன் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். காதில் போன், போனில் மகன் நிலோஜன். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அம்மன் பெயரில் அவள் சத்தியம் செய்தாள்.  அவன் சரியம்மா என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தச் சரியம்மாவில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று யோசித்து யோசித்தே அவளுக்கு ஒரு கிழமை போய்விட்டது.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புன்னையடிமுனை வாகரைக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழியுமாக இருக்கிற நாற்பது வீட்டுக் குடியிருப்பு. நிலோஜன் கடற்படையில் சேர்ந்து நாலு வருஷம். அவன் ஏறுகிற ரோந்துப் படகு கிழமைக்கு இரண்டு மூன்று நாள் இந்தக் கரையோரமாகத்தான் வரும்.

அதே கரையில் வல்லிபுரம் முதலாளியின் மூன்று படகுகள் இருக்கின்றன. இருட்டியதும் கடலுக்குள் பெரிய விளக்குகளைக் கொளுத்தி, வெளிச்சத்துக்கு ஓடிவருகிற மீனை மொத்தமாக வளைத்து அள்ளுவதுதான் அவற்றின் தொழில். சட்டத்தில் அதற்குத் தடை. மற்ற நாட்களில் அந்த வெளிச்சம் கடற்படை முகாமில் இருந்து பார்த்தாலே தெரிகிறதாம். நிலோஜனின் படகு வருகிற நாளில் மட்டும் கடல் கும்மிருட்டாகக் கிடக்கிறது.

திரும்பத் திரும்ப இப்படி நடந்ததும் முகாமில் இருக்கிற பெரிய அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் படகில் இந்தக் கரையைச் சேர்ந்தவன் நிலோஜன் ஒருவன்தான். இன்னும் ஒரு தரம் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தன்னை உள்ளே வைத்து விசாரிப்பார்கள், வேலையும் போய் வழக்கும் வரும் என்று அவன் தாயிடம் சொல்லியிருந்தான்.

தெய்வமணியின் சத்தியத்தில் பொய் இல்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருந்தது ஒரே ஓர் ஏற்பாடு. படகேறுகிற அன்று காலையில் அவன் அவளுடைய போனுக்கு இரண்டு தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவான். பேச்சுக் கிடையாது, அவள் எடுக்கவும் மாட்டாள். சுனாமியில் கணவன் வேலப்போடியைக் கடல் கொண்டுபோன நாளில் இருந்து, பெற்ற பிள்ளை எப்போது தரையில் நிற்கிறான் எப்போது கடலில் நிற்கிறான் என்று தெரியாமல் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. இதைக்கூடச் செய்யாவிட்டால் நீ எனக்கு என்ன பிள்ளை என்று கேட்டு, அவனை ஒப்புக்கொள்ள வைத்தவள் அவள்தான்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒன்று, இரண்டு, நின்றுவிட்டது.

இத்தனை நெருக்கடியிலும் பிள்ளை சொன்ன சொல்லை மறக்கவில்லை என்று முதலில் தெய்வமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே, அப்படியானால் இன்றைக்கா என்ற கேள்வி வந்தது. அவன் சொன்ன அந்த இன்னும் ஒரு தரம் இன்றைக்காக இருக்கக்கூடாது என்று அடுப்பைப் பார்த்தபடி அம்மனிடம் கேட்டாள்.

தேத்தண்ணியை ஊற்றி முடிக்க, மருமகன் சதீஸ்குமார் குசினி வாசலில் வந்து நின்றான். இந்தப் பக்கத்து வழக்கப்படி மகள் விதுசாவுக்குக் கல்யாணத்தோடு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்னால் ஓர் அறையும் குசினியுமாகக் கட்டிக்கொண்டு வந்தவள் தெய்வமணி. மருமகன் வீட்டோடு இருக்கிறான். வல்லிபுரத்தின் பெரிய படகுக்கு என்ஜின் ஓட்டுகிறவன் அவன்தான். விடியக் கடல் தொழில் முடித்து வந்ததும் மாமியின் பங்கு மீனைக் கொண்டுவந்து நீட்டிவிட்டுத்தான் படுப்பான். குறை சொல்ல முடியாத பிள்ளை. மாமிக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டியதில்லை.

இன்றைக்கு ஒரு பை நிறையச் சூடை மீன் கொண்டுவந்திருந்தான்.

"வேணாம் மகன். இண்டைக்கு எனக்கு வேணாம்."

"சரி மாமி" என்று அவன் பையோடு திரும்பிப் போனான். ஏன் என்று கேட்கவில்லை. அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

நிலோஜன் கடலில் நிற்கிற நாளில் தெய்வமணி மீன் தொடமாட்டாள். அம்மனுக்கு வைத்த நேர்த்தி அது. கடல் ஏற்கெனவே தன்னிடம் இருந்து ஓர் ஆளை வாங்கிவிட்டது, இப்போது பிள்ளையும் அதன்மேல் நிற்கிறான், அந்த நாளில் தான் அதனிடம் இருந்து ஒரு நெத்தலியும் வாங்கக்கூடாது என்பது அவளுடைய நியாயம். முருங்கையிலைச் சுண்டலும் சோறும் அவளுக்குப் போதும். யாரையும் கேட்டு வைத்த நேர்த்தியும் அல்ல, யாருக்கும் சொல்லிக்கொண்டு பிடித்த விரதமும் அல்ல.

எட்டு மணிபோல வெண்டிக்காய் வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள். கடைக்குப் போகிற பாதை படகுகள் இழுத்து வைக்கிற மணலை ஒட்டித்தான் போகிறது. தொழில் இருக்கிற நாளில் ஜெனரேட்டரும் விளக்குகளும் படகிலேயே கிடக்கும். கழுவித் துடைத்து, எண்ணெய் ஊற்றி, பின்னேரம் அப்படியே தள்ளிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, ஓலைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்த் தறப்பாளால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

இண்டைக்குத் தொழில் இல்லையா என்று தெய்வமணி சும்மாதான் கேட்டாள். விளக்கைத் தோளில் வைத்திருந்த ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இல்லையக்கா. எல்லாம் உங்கட புண்ணியந்தான்."

அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டு நடந்தாள். பத்து எட்டுப் போனதும் கால் நின்றுவிட்டது. இன்றைக்கு ரோந்துப் படகு வருகிறது என்று இந்தக் கரையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆறரையில் இருந்து எட்டு மணி வரைக்கும் அவள் பேசியது ஒரே ஒருவனோடு. பேசியதும் மீன் வேண்டாம் என்று மட்டுந்தான்.

வெண்டிக்காய் வாங்காமலே திரும்பினாள்.

விதுசாவுக்கு இது ஏழாம் மாதம். முன் அறையில் காற்றாடிக்குக் கீழே காலை நீட்டி இருந்துகொண்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்கு யாரோ கொடுத்த பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் சதீஸ்குமார் நல்ல உறக்கம். தெய்வமணி சுற்றி வளைக்கவில்லை. நான் மீன் வேண்டாம் என்றால் உன் புருஷன் அதை யாரிடம் போய்ச் சொல்கிறான் என்று கேட்டாள்.

மகளின் கை துணியிலேயே நின்றது. இல்லையென்று சொல்வாள் என்று தாய் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நம்பிவிடவும் அவள் ஆயத்தமாகத்தான் இருந்தாள்.

"ஊருக்கே தெரியும் அம்மா" என்றாள் விதுசா. "நீங்க மீன் எடுக்காட்டி அண்டைக்கு நேவி வாற நாள். ஒரு வருசமா அப்பிடித்தான்."

"நீ எனக்குச் சொல்லல்ல."

"சொன்னா நீங்க நிப்பாட்டிப் போடுவீங்க. மறுகா அவரைப் பிடிச்சிருப்பாங்க."

தெய்வமணி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு வருஷமாகத் தான் அம்மனுக்கென்று மீனை விலக்கியதும், இந்த ஊர் அதைப் பார்த்துப் பார்த்து விளக்கை ஏற்றியதும் இறக்கியதும் ஒன்றாகக் கண்முன் வந்தன. போகிற இடமெல்லாம் அக்கா அக்கா என்று தன்னைத் தாங்கியவர்களின் முகங்களும் வந்தன. வெட்கமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெற்ற மகள் இதற்கு உடந்தை என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது.

இதுவரை மகளிடம் மறைத்து வைத்திருந்ததை அவளும் சொன்னாள். முகாமில் நடக்கிற விசாரணையைச் சொன்னாள். இன்றைக்கும் படகுகள் கரையில் கிடந்தால் நிலோஜன் திரும்பிப் போய் இறங்குகிற இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னாள். விதுசா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அண்ணனுக்கு இதனால் ஏதும் வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. அண்ணன் பிழை ஒன்றும் செய்யவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். செய்யாத பிழைக்குத்தான் என்று தாய் சொல்லிவிட்டு எழும்பினாள்.

எழும்பியவள் நேரே படகுக் கரைக்குப் போனாள்.

வல்லிபுரம் கொட்டில் நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தார். தெய்வமணியைவிட மூன்று நான்கு வயது குறைந்த மனிதர். அவர் சத்தம் போட்டுப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை, அவரிடம் எல்லோரும் பயந்ததற்கு அதுதான் காரணம். அவருக்கு முன்னால், நாலு பேர் கேட்கத் தக்கதாக, தெய்வமணி மீன் கேட்டாள். காலையில் வயிறு சரியில்லாமல் இருந்தது, மருமகன் கொண்டுவந்ததை வேண்டாம் என்று திருப்பிவிட்டேன், இப்போது சுகமாகிவிட்டது, கறி வைக்க ஆசையாக இருக்கிறது என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

விளக்கை மூடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள்.

வல்லிபுரம் அவசரப்படவில்லை. ஐஸ் பெட்டியைத் தானே திறந்து, நல்ல பாரையில் நடுமுறியாக நாலு துண்டு வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"உங்கட கைக்கறி திண்டு கன காலம் அக்கா" என்றார். "மத்தியானம் நானும் வாறன்."

அவள் கொல்லைப் பக்கம் இருந்து மீனைக் கழுவும்போது விதுசா வந்து நின்றாள். சட்டிக்குள் கிடந்த துண்டுகளைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீங்க இதைத் திண்டா அவர் கடலுக்குப் போவார் அம்மா."

"தின்னாட்டி உன்ட அண்ணன் உள்ளுக்குப் போவான்."

விதுசா அழவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தாயையே பார்த்தாள். அண்ணனே தன் புருஷனைப் பிடித்துக்கொண்டு போகிற நாளைத் தான் பார்க்க வேண்டுமா, பிள்ளை பிறக்கும்போது தகப்பன் சிறையில் இருக்க வேண்டுமா என்று மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவான குரலைத் தாயால் தாங்க முடியவில்லை. சதீஸ்குமாரைத் தான் நிறுத்துவதாகச் சொன்னாள். மற்றவர்கள் போகட்டும், அவனை மட்டும் கடைசி நேரத்தில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லித் தடுத்துவிடுகிறேன், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்றாள். விதுசா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது சத்தியம் அல்ல. தாயின் வாய்ச்சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு வல்லிபுரம் வந்தார். தெய்வமணி குசினி வாசலில் கதிரை போட்டு, சோறும் மீன்கறியும் சுண்டலும் போட்டுக் கொடுத்தாள். விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அந்த ஊரில் வீட்டுப் பெண் தனக்குத் தட்டை எடுப்பாள். இது வல்லிபுரத்துக்குத் தெரியாத வழக்கம் அல்ல. ஆனாலும் அவர் சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

"நீங்களும் போட்டுத் தின்னுங்க அக்கா. நான் என்ன வெளியாளா?"

பிறகு சாப்பிடுகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, தனியாகத் தின்றால் தனக்கு இறங்காது என்றார். தட்டில் இருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கறி ஆறினாலும் அவர் தொடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெய்வமணி தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். சட்டியில் இருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, முள்ளை விலக்கி, முதல் வாயை எடுத்து வைத்தாள்.

கறி நன்றாகத்தான் வந்திருந்தது. புளியும் உறைப்பும் அளவாக இருந்தன. அந்த ருசிதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த நேரம் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறானோ, தண்ணீர் எப்படி அடிக்கிறதோ, தான் இங்கே இருந்து கடல் மீனை மென்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபடியே விழுங்கினாள். தாயே, குற்றம் என்னுடையது, கணக்கை என்னோடு வைத்துக்கொள், அவன்மேல் காட்டாதே என்று ஒவ்வொரு வாய்க்கும் மனதுக்குள் சொன்னாள். வெளியில் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் பாதித் துண்டைத் தின்ற பிறகுதான் வல்லிபுரம் தன் தட்டில் கை வைத்தார். ருசித்துச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று அவளையும் கேட்டார். அவள் அதையும் போட்டுத் தின்றாள். நாலு வருஷத்து நேர்த்தி அந்த இரண்டு துண்டில் முடிந்து போனது.

கை கழுவிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று அவர் சொன்னார்.

"சதீசு எழும்பினாச் சொல்லிவிடுங்க. அஞ்சு மணிக்குப் போட்டை இறக்குறம்."

அவர் போனதும் தெய்வமணி கொல்லைக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கம் இருந்து ஜெனரேட்டரைத் திரும்ப ஏற்றுகிற சத்தம் கேட்டது.

நாலு மணிக்குச் சதீஸ்குமார் எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணிக்குப் பின்பக்கம் வந்தான். விதுசாவின் கதவு சாத்தியபடியே இருந்தது. தெய்வமணி கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே வாங்கில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். நிலோஜன் கடலில் நிற்கிறான் என்பது, விசாரணை, தான் தின்ற மீன், எதையும் விடவில்லை. நீ மட்டும் போகாதே, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள் என்று முடித்தாள்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்கவே இல்லை.

"முதன்முதல் கண்டுபிடிச்சு முதலாளிக்குச் சொன்னது நான்தான் மாமி" என்றான். "நீங்க வேணாம் எண்ட நாளில எல்லாம் நேவி வந்திச்சி. ஒரு நாள் வாய் விட்டுட்டன். மச்சானுக்கு இப்பிடி வரும் எண்டு தெரியா."

அவள் அவனைத் திட்ட நினைத்திருந்தாள். காலையில் இருந்து அதற்கென்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு இருந்தவனைப் பார்க்க ஒன்றும் வரவில்லை. சரி, நடந்தது நடந்துவிட்டது, இன்றைக்கு நீ நின்றுவிடு, அது போதும் என்றாள்.

"நான் நிண்டா ஒருத்தனும் போகமாட்டான்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "தெய்வமணிட மருமகனுக்கு இண்டைக்கெண்டு பார்த்துக் காய்ச்சல் எண்டா முதலாளிக்கு விளங்காதா? நீங்க தின்னாம விட்ட மீனும் நான் ஏறாம விடுற போட்டும் ஒண்டுதான் மாமி."

இதைத் தெய்வமணி யோசித்திருக்கவில்லை. காலையில் இருந்து எத்தனையோ யோசித்தவள், வீட்டோடு இருக்கிற மருமகனும் இந்த ஊருக்கு ஓர் அடையாளந்தான் என்பதை மறந்துவிட்டாள். மற்றவர்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அவனை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது எத்தனை பெரிய பைத்தியம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சதீஸ்குமார் எழும்பி, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். படகில் தன்னோடு வருகிற நாலு பேரைப் பற்றி ஒரு தரம் வாயெடுத்தான், அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கின்றன என்றான். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டான். அவர்களுக்குச் சொன்னால் நிலோஜன் முடிந்தான் என்பது அவனுக்கும் தெரிந்ததுதான்.

"மச்சான்ட கையாலயே பிடிபடுறன்" என்றான். "விதுசாவுக்கு நீங்க சொல்லுங்க மாமி. அவள்ட முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலா."

போகாதே என்று அவள் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், வீட்டுக்குள் இருந்த மகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். தெய்வமணி இதில் எதையும் செய்யவில்லை. நிலோஜனின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வளவு வாசலின் கடப்பைத் தாண்டி மருமகன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை நல்லவளாகக் காட்ட வேண்டும் என்று இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி, பெரிய படகின் என்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது. தன் புருஷன் ஓட்டுகிற என்ஜினின் சத்தத்தை எந்தப் பெண்ணும் உறக்கத்திலும் பிரித்து அறிவாள். விதுசாவின் கதவு திறந்தது. அவள் வீட்டைச் சுற்றி ஒரு முறை வந்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு குசினி வாசலுக்கு வந்தாள்.

"அவர் எங்க?"

தெய்வமணி சொன்னாள். சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. அவன் நின்றால் யாரும் போகமாட்டார்கள், அதனால் போய்விட்டான் என்று மட்டும் சொன்னாள்.

"நிப்பாட்டுறன் எண்டீங்களே."

"ஏலாமப் போயித்து மகள்."

"நீங்களும் அவரும் சேர்ந்து அண்ணனைக் காப்பாத்திப் போட்டீங்க" என்றாள் விதுசா. "நான் எண்டு ஒருத்தி இந்த வளவுக்குள்ள இரிக்கிறன் எண்டு ரெண்டு பேருக்கும் நினைப்பு வரல்ல."

 மகள் சொன்னதில் பிழை இல்லை. தெய்வமணி தலை குனிந்து இருந்த அந்த நேரத்தில் விதுசா எட்டி, அடுப்புக்கு மேலே பலகைத் தட்டில் இருந்த தாயின் போனை எடுத்துவிட்டாள். அண்ணனிடம் நானே பேசுகிறேன், வேறு பக்கம் போகச் சொல்கிறேன், தங்கச்சி கேட்டால் தட்டமாட்டான் என்று சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

தெய்வமணி பதறி எழும்பினாள். கடலுக்குப் போகிற நாளில் போன்களை முகாம் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் படகேற வேண்டும். அந்த மணி நிலோஜனின் சட்டைப் பைக்குள் அடிக்கப்போவதில்லை, அவனைச் சந்தேகிக்கிறவர்களின் மேசையில்தான் அடிக்கும். இதை நிலோஜன் அவளுக்குத்தான் சொல்லியிருந்தான், தங்கச்சிக்குச் சொல்லியிருக்கவில்லை.

"வை மகள், வை அதை" என்று கையைப் பிடித்தாள். ஏழு மாத வயிற்றுக்காரியோடு மல்லுக்கட்டவும் பயம். விதுசா கையை உதறிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"நிலோஜன் அம்மாதானே?"

குரல் நிலோஜனுடையது அல்ல. வயதான குரல். சிங்களம் கலந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. நின்ற இடத்தில் இருந்தே தெய்வமணிக்குத் தெளிவாகக் கேட்டது.

"இங்க போன்ல அம்மா எண்டு பேர் வந்தது. நான் அவருக்குப் பெரிய ஆள். அவர் இப்ப இங்க இல்ல. சொல்லுங்க அம்மா, அவருக்கு என்ன சொல்ல வேணும்?"

 விதுசா போனைத் தாயின் பக்கம் நீட்டினாள்.